மூலை மடித்த பக்கம்

அந்த யார்டில் அவளைப் பெயர் சொல்லி அழைத்தவர் யாருமில்லை. இருபத்திரண்டு வருடங்களாக எல்லோருக்கும் அவள் நம்பரம்மா. சம்பளச் சீட்டில் இருந்த சொந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது, புதுசா சேர்ந்திருக்காங்களா?" என்று அவளிடமே கேட்ட டிரைவர் ஒருவன் உண்டு.

உடைந்த கார்கள் வந்து சேரும் இடம் அது. மோதியவை, வெள்ளத்தில் மூழ்கியவை, வயதாகி ஓய்ந்தவை. உள்ளே வரும்போது வண்டி. வெளியே போகும்போது கதவு, விளக்கு, இருக்கை, எஞ்சின். இரண்டுக்கும் நடுவே தகரக் கூரை போட்ட ஓர் அறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், ஒரு மேஜை, அதன்மேல் அவளுடைய பெரிய பதிவேடு.

ஒரு வண்டி வந்து இறங்கியதும் மெல்லிய தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போவாள். முன்பக்க இரும்புச் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணைத் துணியால் துடைத்து, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பாள். கறுப்புக்கு நடுவே எண்கள் வெள்ளையாக எழுந்து வரும். கையால் எழுதினால் தப்பாக எழுதலாம், வேண்டுமென்றே மாற்றியும் எழுதலாம். இரும்பிலிருந்து நேரே எடுத்த பிரதி பொய் சொல்லாது. அதைப் பதிவேட்டின் இடப்பக்கத்தில் ஒட்டுவாள். வலப்பக்கத்தில் பாகங்களின் வரிசை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது அதன்மேல் அந்த வண்டியின் கடைசி ஆறு எண்களை மஞ்சள் பெயிண்டால் எழுதி, முத்திரை குத்திய அட்டை ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவாள். விற்றதும் வாங்கியவர் பெயர், தேதி.

ஒரு கதவுக்கு இத்தனை சம்பிரதாயமா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் திருடிய காரை முழுசாக விற்பதுதான் கஷ்டம். ஒரே நாளில் பிரித்துவிட்டால் நான்கு கதவு, ஆறு கண்ணாடி, நான்கு விளக்கு. கதவைப் பார்த்து, "நீ எங்கே பிறந்தாய்?" என்று யார் கேட்கப்போகிறார்கள்?

நம்பரம்மா கேட்டாள். அந்தத் தெருவில் இருந்த மற்ற யார்டுகளும், ஊரில் இருந்த பட்டறைகளும் சந்தேகம் வந்தால் அவளுக்குத்தான் போன் செய்தன. "இந்த நம்பர் உங்க வண்டியாம்மா?" என்பார்கள். அவள் பக்கத்தைப் புரட்டுவாள்.

"பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு கேள்வி கேக்கலைக்கா. ஒரு கதவுதானே!" என்பார் பக்கத்துத் தெருப் பட்டறையின் மேஸ்திரி. இரண்டு மூக்குக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளும் மனிதர்.

"பொண்ணா இருந்தா அதுவே வாயைத் திறந்து சொல்லிடும் மேஸ்திரி. கதவு சொல்லுமா?"

"எங்க வீட்டுப் பொண்ணு வாயைத் திறந்தா மூடவே மாட்டா. அதுக்கு கதவே தேவலை."

பதிவேட்டில் ஒரே ஒரு வகைப் பக்கம் மட்டும் வித்தியாசமானது. உயிர் போன வண்டியின் பக்கம். ஒரு வண்டிக்குள் யாராவது இறந்திருந்தால் அதிலிருந்து ஒரு திருகாணிகூட விற்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. அப்படியே நசுக்கும் இயந்திரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அதுமட்டுமல்ல, ஏன் அனுப்பினோம் என்று எழுதவும் கூடாது. "எழுதினா அது நம்மகூடவே தங்கிடும்மா," என்பார். எனவே இடப்பக்கம் எண்ணின் பிரதியை ஒட்டிவிட்டு வலப்பக்கத்தை வெறுமனே விட்டுவிடுவாள். மேல் மூலையை மட்டும் சிறிதாக மடித்து வைப்பாள். அந்த மடிப்புக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். முதலாளியும் அவளும். அந்த வண்டிகளைப் பற்றி அவள் வீட்டில்கூடப் பேசியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் பேசுகிற விஷயமா அது?

ஒரே ஒரு நாள் பேசியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவள் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

டாக்ஸிக்காரர் மனைவி முதன்முதலாக அந்த அறைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. முப்பது வயதுகூட இருக்காது. கையில் கணவனின் புகைப்படம் இல்லை, காரின் புகைப்படம் இருந்தது.

"அக்கா, இந்த வண்டி இங்கே வந்துச்சான்னு பார்த்துச் சொல்லுங்க."

மூன்று வாரங்களுக்கு முன் இரண்டு பேர் சவாரிக்கு ஏறியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் அவளுடைய கணவன் சாலையோரப் பள்ளத்தில் தலை பிளந்து கிடந்தான். வண்டி இல்லை. உயிர் இருந்தது. ஆனால் கண் மட்டும்தான் அசைகிறது. பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை.

"வண்டி போகட்டும்க்கா. எனக்கு வண்டி வேணாம். வண்டி கிடைச்சா அடிச்சவன் கிடைப்பான்ல?"

"போலீஸ்ல நம்பர் கொடுத்திருக்கீங்கல்ல?"

"கொடுத்தேன். நம்பரையெல்லாம் தேய்ச்சு எடுத்துடுவாங்களாமே." அவள் புகைப்படத்தை மேஜையில் வைத்தாள். "ஆனா ஒண்ணு இருக்குக்கா. பின்னாடி இடது கதவுல உள்பக்கத் துணி கிழிஞ்சிருந்தது. நான்தான் தைச்சேன். வீட்டுல வேற நூல் இல்லை, நீல நூல்ல தைச்சேன். பதினோரு தையல். கடைசித் தையல் போடறப்போ நூல் பத்தலை, இழுத்து முடிச்சு போட்டேன், கோணலாப் போச்சு. 'சவாரி ஏறுறவங்க என்ன நினைப்பாங்க'ன்னு அவரு சிரிச்சாரு."

நம்பரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கதவு என் கண்ணுல பட்டா, கொண்டு வந்தவன் யாரா இருந்தாலும் விடமாட்டேன். போதுமா?"

யாரா இருந்தாலும்! எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

அதன்பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் வந்தாள். கதவு வரிசைக்குள் நடந்து ஒவ்வொரு கதவின் உள்பக்கத்தையும் தடவிப் பார்த்துவிட்டுப் போவாள்.

நம்பரம்மாவின் வீட்டில் அவளும் கணவரும் மட்டும்தான். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதும் அவர் எட்டு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு நாள், தெரிந்தவர் ஒருவரின் சின்ன லோடு வண்டியை ஓட்டக் கிடைத்திருக்கிறது என்றார். முகத்தில் களை வந்தது. அந்த வாரமே ஓர் அதிசயமும் நடந்தது. மத்தியானம் சாப்பாட்டு கேரியரைத் தூக்கிக்கொண்டு யார்டுக்கு வந்துவிட்டார்.

"காலையில கட்டிட்டு வர்ற சோறு ஆறிப்போயிடுதுன்னு சொல்வேல்ல? சூடா கொண்டாந்தேன்."

இருபத்தாறு வருட மணவாழ்க்கையில் அவர் அவளுக்காகத் தூக்கிய முதல் பாத்திரம் அது. யார்டே கூடி நின்று பார்த்தது.

"நம்பரம்மா, புது மாப்பிள்ளை வந்துட்டாரு!" என்று கழற்றுபவர்கள் ஸ்பானரைத் தட்டினார்கள்.

"போங்கடா, வேலையைப் பாருங்க!" என்றாள். நாற்பத்தேழு வயதில் காது சிவந்தது.

அன்றிலிருந்து ஐந்து மாதமாக ஒரு நாள் தவறவில்லை. அவள் கையில் எப்போதும் மஞ்சள் பெயிண்ட் இருக்கும். பின்பக்கக் குழாயில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவி வரப் பத்து நிமிடமாவது ஆகும். "பொறுமையா வா, நான் எடுத்து வைக்கிறேன்," என்பார். திரும்பி வரும்போது சோறு, பொரியல், முட்டை எல்லாம் வரிசையாக இருக்கும். பதிவேட்டைக்கூட ஓரமாக எடுத்து வைத்திருப்பார். இருவரும் சேர்ந்தே சாப்பிடுவார்கள். கேரியரின் அடித்தட்டு எப்போதோ கீழே விழுந்து ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. "புதுசு வாங்கலாமே," என்பார். "இது ஓட்டையா ஆகட்டும்," என்பாள்.

அந்த நாட்களில் அவள் வேலைக்குப் போகும்போது பாடிக்கொண்டே போனாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள்.

கடைசி வாரத்தில் மட்டும் ஒரு நெருடல். யார்டு வாசலுக்கு எதிரே சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நிற்கத் தொடங்கியது. உள்ளே ஒருவன் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றுகொண்டிருப்பான். தோலை ஜன்னல் வழியாகக் கீழே போடுவான். மாலையில் கார் போய்விடும், தோல் குவியல் கிடக்கும். யாருக்காகக் காத்திருக்கிறான் என்று தெரியவில்லை. ஒருமுறை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவன் உரிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். கண் இமைக்கவில்லை. அவள்தான் பார்வையை எடுத்துக்கொண்டாள். வேலைப் பழக்கம், காரைக் கவனித்துவைத்தாள். இடது பின் விளக்கில் விரிசல், அதன்மேல் சிவப்பு டேப்.

அந்தத் திங்கட்கிழமை காலை இரட்டைக் கண்ணாடி மேஸ்திரி தன் வண்டியிலிருந்து ஒரு கதவை இறக்கினார்.

"அக்கா, இதை ஒரு தடவை பார்த்துடுங்க. வேற இடத்துல வாங்கினேன். உங்க அட்டைதான் தொங்குது. உங்க மஞ்சள்தான். இருந்தாலும் இதை மாட்டப் போற வண்டிக்காரர் ஆபீஸர், கேட்டு வெச்சுடலாம்னு."

பின் இடது கதவு. அட்டையில் யார்டின் முத்திரை இருந்தது. முத்திரை குத்திய வெற்று அட்டைகள் அவள் மேஜை இழுப்பறையில்தான் இருக்கும். சில மாதங்களாகக் கட்டு மெலிந்துகொண்டே வந்தது. தானே கணக்கில்லாமல் எடுத்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

ஆறு எண்களையும் படித்தாள். பதிவேட்டைப் புரட்டினாள். அந்த எண் இருந்தது. அந்தப் பக்கத்தின் மேல் மூலை மடிந்திருந்தது.

ஒன்பது மாதத்துக்கு முன் வந்த வண்டி அது. நெடுஞ்சாலையில் தீப்பிடித்து, உள்ளே இருந்த புருஷனும் மனைவியும் வெளியே வர முடியாமலே போன வண்டி. எண்ணின் பிரதியை எடுத்தபோது கரி தாளில் அப்பியது. அவள் பெருவிரல் ரேகை இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது. அந்த வண்டியில் இருக்கை இல்லை, கண்ணாடி இல்லை, கதவு என்று சொல்ல முறுக்கிய இரும்புதான் இருந்தது. அதற்குப் பிறந்ததாக ஒரு கதவு இப்போது பளபளவென்று அவள் எதிரில் சாய்ந்து நின்றது.

"என்னக்கா, முகம் மாறிப்போச்சு?"

அவள் குனிந்து கதவின் உள்பக்கத் துணியைத் தடவினாள். கைப்பிடிக்குக் கீழே விரல் தட்டியது.

நீல நூல். பதினோரு தையல். கடைசி ஒன்று கோணல்.

"மேஸ்திரி," என்றாள். "இது இங்கேயே இருக்கட்டும். ரெண்டு நாள். யார்கிட்டேயும் பேசாதீங்க."

"யாரு கொடுத்தாங்கன்னு வேணா சொல்லட்டுமா? ஒரு சின்ன லோடு வண்டியில..."

"அப்புறம் சொல்லுங்க."

ஏன் அப்போது கேட்கவில்லை? கேட்டால் தெரிந்துவிடுமே! அவர் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் திரும்பவும் பதிவேட்டின் முன் உட்கார்ந்தாள். திருடியவனுக்கு இந்தப் பக்கம் ஏன் பிடித்தது என்று யோசித்தாள். விடை எதிரிலேயே இருந்தது. மற்ற பக்கங்களில் கதவும் விளக்கும் யார் யாருக்கோ விற்றதாக எழுதியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு பாகமும் விற்காத முழு வண்டி! வலப்பக்கம் காலியாக இருந்தால் எல்லாம் விற்க மீதமிருக்கிறது என்றுதானே அர்த்தம்? மடிப்பின் பொருள் தெரியாதவன் அப்படித்தான் நினைப்பான்.

பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தபோதுதான் அதைப் பார்த்தாள். வெற்றுத் தாளின் நடுவே மங்கலான எண்ணெய்த் தடம். வட்டம். எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளும்போது பக்கம் புரண்டுவிடாமல் இருக்க யாரோ பாரம் வைத்திருக்கிறார்கள்.

வட்டம் முழு வட்டமாக இல்லை. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

கடவுளே! ஒரு பெண்ணுக்கு இப்படியா தெரியவேண்டும்?

பன்னிரண்டரைக்கு அவர் வந்தார். கதவை அவள் சாக்கால் மூடிச் சுவரில் சாய்த்திருந்தாள்.

"என்ன, கை கழுவப் போகலையா?"

"இன்னிக்கு பிரஷ்ஷையே தொடலை."

"சும்மாவாவது கழுவிட்டு வா. நான் எடுத்து வைக்கிறேன்."

"நான் இங்கேயே இருக்கேன். நீங்க எடுத்து வைங்க."

அவர் உட்கார்ந்தார். பிறகு தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அடித்தட்டை எடுத்தபோது அவள் பதிவேட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இது மேல வைங்க."

"புக்கு மேலயா? எண்ணெய் படுமேம்மா."

"பட்டுடுச்சு. வைங்க, ஏற்கெனவே வெச்ச இடம்தானே."

அவர் தட்டை வைத்தார். நசுங்கல் தடத்தில் சரியாகப் பொருந்தியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரோ இரும்பை அறுக்கும் சத்தம் நிற்காமல் கேட்டது.

"அஞ்சு மாசமா சோறு கொண்டு வந்தது இதுக்குத்தானா?" என்றாள்.

"முதல் ஒரு வாரம் இதுக்குத்தான்." அவர் தலை குனிந்திருந்தது. "அப்புறம்... நீ கை துடைச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வருவே பாரு..."

"அந்த டாக்ஸிக்காரரை அடிச்சது யாரு?"

"நான் இல்லைம்மா. சத்தியமா இல்லை. பிரிச்சதை ஏத்திட்டுப் போய் இறக்குறதுதான் என் வேலை. அந்த வண்டியை ஒரு ஆளை அடிச்சு எடுத்தாங்கன்னே பின்னாடிதான் தெரியும்."

"தெரிஞ்ச பிறகு?"

அவர் பொரியல் தட்டை நகர்த்தி வைத்தார்.

"தெரிஞ்ச பிறகும் எனக்கு சோறு கொண்டு வந்தீங்க."

"போன வாரம் சொல்லிட்டேன், இனிமே நம்பர் எடுத்துத் தர மாட்டேன்னு. மறுநாளே அவன் வந்து நின்னுட்டான்." ஜன்னல் பக்கம் கண்ணால் காட்டினார். "அவன் என்னைப் பார்க்க வரலை. உன்னைப் பார்க்க வந்திருக்கான். உன் மேஜை எங்கே இருக்கு, நீ எந்த வழியா வீட்டுக்கு நடக்குறே, எல்லாம் அவனுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடும்மா. ஒரே ஒரு பக்கம். கிழிச்சுட்டா கதவு எங்கேயிருந்து வந்துச்சுன்னு யாராலும் சொல்ல முடியாது. நீ பிழைச்சுக்குவே."

எதிரே ஆரஞ்சுத் தோல் ஒன்று கீழே விழுந்தது.

அப்போது அறை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அன்று திங்கட்கிழமை என்பதையே அவள் மறந்துவிட்டிருந்தாள்.

"அக்கா! அக்கா, இன்னிக்கு அவரு பேசினாரு!" டாக்ஸிக்காரர் மனைவி மூச்சு வாங்க நின்றாள். "'தண்ணி'ன்னாரு. ஒரே ஒரு வார்த்தை. உங்ககிட்டே சொல்லணும்னு ஓடி வந்தேன்." பிறகுதான் அவரைப் பார்த்தாள். "அண்ணனா? சாப்பிடுங்கண்ணே, சாப்பிடுங்க. தினமும் அக்காவுக்கு சோறு கொண்டு வர்றீங்களாமே. கொடுத்து வெச்சவங்கக்கா நீங்க."

வேறு வழி தெரியாமல் அவர் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

நம்பரம்மா கணவரைப் பார்த்தாள். பதிவேட்டைப் பார்த்தாள். இருபத்தாறு வருடம் ஒரு பக்கம். பதினோரு தையல் ஒரு பக்கம். எழுந்து சுவர்ப்பக்கம் போய்ச் சாக்கை இழுத்தாள்.

அந்தப் பெண் அழவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தையலாக விரல் வைத்து எண்ணினாள். கடைசி முடிச்சுக்கு வந்ததும் அதைக் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டாள். "எங்கேயிருந்துக்கா வந்துச்சு?" என்றாள், திரும்பாமலே.

நம்பரம்மா பதிவேட்டின் மேல் கை வைத்தாள்.

"நான்தாம்மா ஏத்திட்டு வந்தேன்," என்றார் அவர்.

அந்தப் பெண் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சோறு ஒட்டியிருந்த அவர் கையையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நூறு அடி தேவலை.

அவர் எழுந்தார். ஜன்னலைப் பார்த்தார். "இந்தம்மா உள்ளே ஓடி வந்ததை அவன் பார்த்திருப்பான். முதலாளிகிட்டே சொல்லிப் போலீஸுக்குப் போன் போடச் சொல்லு. வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி."

"அதுவரைக்கும் அவன் சும்மா உட்கார மாட்டான்." கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ஒரு வெறும் பக்கத்தைக் கிழிச்சுக் கொடு. கிழிச்சாச்சுன்னு காட்டி அவனைக் கூட்டிட்டுப் போயிடறேன்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் பதிவேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். கடைசியில் இருந்த எழுதாத தாள். எரிந்த வண்டியின் எண்ணை அதன் தலைப்பில் அவசரமாக எழுதிக் கொடுத்தாள். அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது. திட்ட வேண்டியது அதைவிட அதிகம். அவள் வாயில் வந்தது இதுதான்: "சாப்பிட்டு முடிக்கலையே."

"மூடி வை. வந்து சாப்பிடறேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் தெருவைக் கடந்தார். தாளை எடுத்துக் காட்டினார். ஆரஞ்சுக்காரன் வாங்கிப் பார்த்தான், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். பின்கதவு உள்ளிருந்து திறந்தது. பின் இருக்கையில் இன்னும் யாரோ இருந்தார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அவர் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

சாம்பல் நிறக் கார் அவசரமே இல்லாமல் கிளம்பியது. அவள் பழக்க தோஷத்தில் அதன் எண்ணை எழுதிக்கொண்டாள். எழுதி முடித்த நொடியில்தான் அது உறைத்தது. இந்தப் பதிவேட்டில் பென்சில் பிரதி இல்லாமல் எண் எதுவும் இருப்பதில்லை. அவள் கொடுத்த தாளில் கையால் எழுதிய எண் மட்டுமே இருந்தது. ஐந்து மாதமாகப் பதிவேடு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு விவரித்தது யார்? அவரேதானே! போலித் தாள் என்று பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

வாசலுக்கு ஓடினாள். தெருவில் தோல் குவியல் மட்டும் கிடந்தது.

போலீஸ் வந்தது. முதலாளி உட்கார்ந்தவர் எழவில்லை. நம்பரம்மா பதிவேட்டைத் திறந்து, மூலை மடித்த பக்கத்தைக் காட்டினாள். நசுங்கிய வட்டத்தைக் காட்டினாள். வெற்று வலப்பக்கத்தில் முதல் தடவையாக எழுதினாள். "கதவு, பின் இடது. இந்த வண்டியுடையது அல்ல." கொண்டு வந்தவர் என்ற இடத்தில் தன் கணவரின் பெயரை முழுசாக எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். எழுத்து ஆடவில்லை என்று இன்ஸ்பெக்டர் பிற்பாடு சொன்னார்.

மேஸ்திரி சொன்ன அடையாளத்தை வைத்து அன்று மாலையே ஒரு கொட்டகையைச் சுற்றி வளைத்தார்கள். ஏழு வண்டிகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. டாக்ஸிக்காரரை அடித்த இருவரும் அகப்பட்டார்கள். ஆரஞ்சுக்காரன் அகப்படவில்லை. அவரும் இல்லை. அவள் எழுதி வைத்த கார் எண் போலி.

மகள் போனில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "அப்பாவை நீதானேம்மா அனுப்பினே?" அதன்பிறகு அவள் எடுப்பதில்லை.

இப்போது திங்கட்கிழமைகளில் நம்பரம்மா யார்டு யார்டாகப் போகிறாள். "சாம்பல் கலர் வண்டி. இடது பின் விளக்குல விரிசல், சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். வந்தா சொல்லுங்க," என்கிறாள். டாக்ஸிக்காரர் மனைவியும் கூடப் போகிறாள். முதல் நாள் நம்பரம்மா, "நீ எதுக்கும்மா வர்றே?" என்று கேட்டாள். "தனியாத் தேடிப் பழகினவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்க்கா," என்றாள் அவள். வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. மன்னித்தாளா என்று நம்பரம்மா கேட்கவுமில்லை.

மூன்றாவது மாதம் ஒரு போன் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு யார்டு. "நீங்க சொன்ன விளக்கு மாதிரி ஒண்ணு வந்திருக்கும்மா. விளக்கு மட்டும்தான்."

போனார்கள். அதே விரிசல். அதே டேப். யார் கொண்டு வந்தார்கள், வண்டி எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. விளக்கைப் பிரித்து விற்றிருக்கிறார்கள் என்றால் அந்த வண்டியையே பிரித்துவிட்டார்கள். எதையோ மறைக்கத்தானே ஒரு வண்டியைப் பிரிப்பார்கள்? இருவருக்கும் அது புரிந்தது. இருவரும் அதைச் சொல்லவில்லை.

பதிவேட்டில் அந்தக் காருக்கு அவள் ஒரு பக்கம் திறந்திருக்கிறாள். இடப்பக்கம் எண்ணின் பிரதி ஒட்ட விட்ட இடம் காலியாக இருக்கிறது. வலப்பக்கத்தில் ஒரே ஒரு வரி, "பின் விளக்கு, இடது."

ஒருநாள் முதலாளி அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வயதானவர், மெதுவாகத்தான் சொன்னார்.

"மூலையை மடிச்சிடலாமேம்மா. எத்தனை நாளைக்கு..."

"முழு வண்டியும் வரலையே முதலாளி," என்றாள் அவள்.

இப்போதும் மத்தியானம் கையைப் பத்து நிமிடம் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருகிறாள். காலையில் தானே கட்டிக்கொண்டு வந்த கேரியரைப் பிரிக்கிறாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தால் பதிவேட்டின் தாள் புரளும், மேல் மூலை தானாகவே மடியப் பார்க்கும். நசுங்கிய அடித்தட்டை எடுத்து அந்த மூலையின்மேல் பாரமாக வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறாள்.